ஊசிக்கு வைத்த பொட்டு

அன்று அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சார் இருந்தார். தேவாரம் ஊர்க்காரர். கல்லூரியில் பிசிக்ஸ் லெக்சரர். சோளமும் கடலையும் போடுகிற குடும்பம். அதில் முதலில் காலேஜ் வாசலை மிதித்தவர் அவர்தான்.

பெரிய சார் இருந்தார். பிசிக்ஸ் துறைக்குத் தலைவர். போடியிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். விபூதி இல்லாத நெற்றியோடு அவரை நான் பார்த்ததில்லை.

புரபசர் இருந்தார். மதுரைக்காரர். சாருடைய ஆராய்ச்சிக்கு மேலே இருப்பவர். அவர் கையெழுத்துப் போட்டால்தான் சார் டாக்டர் பட்டத்துக்கு எழுதிக் கொடுக்க முடியும்.

நான் இருந்தேன். லேப் அட்டெண்டர். அஞ்சாம் வகுப்பு. மீட்டரில் முள் பார்ப்பது என் வேலை.

வேறு ஆள் இல்லை. வாசலில் புரபசரின் கார் நின்றது. அதில் அவர் சம்சாரமும் பிள்ளைகளும் இருந்தார்கள். பூஜை லீவுக்குக் குமுளி போகிற வழி.

எழுபதுகளில் பாதி தாண்டியிருக்கும். என் வீட்டுக்காரர் அந்தக் கல்லூரியில் வாட்ச்மேன். காய்ச்சலில் போய்விட்டார். அவர் வேலைக்குப் பதிலாக எனக்கு இதைக் கொடுத்தார்கள். கூட்டுவது, கண்ணாடிச் சாமான் கழுவுவது, பெஞ்சு துடைப்பது. அதுதான் எழுத்தில் இருந்த வேலை. முள் பார்ப்பது எழுத்தில் இல்லை. அதுதான் நான் பெருமையாகச் சொல்கிற வேலை.

லேபுக்குப் பின்னால் ஒரு ஸ்டோர் ரூம் இருந்தது. உடைந்த பெஞ்சுகளை வெளியே போட்டுவிட்டு அதைப் பெரிய சார் சாருக்குக் கொடுத்தார். சார் அங்கே தன் குழாயை வைத்தார். கை நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய். பம்பு போட்டு உள்ளே இருக்கும் காற்றை எடுத்துவிடுவார். பிறகு ஆர்கான் வாயுவைத் துளிபோல விடுவார். இரண்டு முனையிலும் பெரிய வோல்ட் கொடுத்தால் உள்ளே வெளிச்சம் வரும். கத்தரிப்பூ நிறம். அதற்குப் பிளாஸ்மா என்று பெயர்.

அந்த வெளிச்சத்துக்குள் எலெக்ட்ரான்கள் தனித்தனியாக ஓடுகின்றன. கண்ணுக்குத் தெரியாது. அவை எவ்வளவு வேகமாக ஓடுகின்றன என்பதுதான் சாருடைய கேள்வி. அந்த வேகத்தை டிகிரியில் சொல்வார்கள். சூடு என்பார்கள்.

அளப்பதற்குக் குழாய்க்குள் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். புரோப் என்று சார் சொல்வார். நான் ஊசி என்பேன். கண்ணாடி உறை போட்டு, நுனியில் ஒரு நெல்மணி அளவு மட்டும் வெளியே விட்டிருக்கும். அந்த ஊசிக்கு பாட்டரியிலிருந்து மைனஸ் வோல்ட் கொடுப்பார். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். ஊசிக்கு வந்து சேருகிற கரண்டை மீட்டர் காட்டும்.

எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

“தேனி பஸ் ஸ்டாண்டுல கம்பம் பஸ் வந்து நிக்கிது. கண்டக்டர் வாசல்ல நின்னு ஆளுகளைத் தள்ளுறாரு. அப்பவும் சில பேரு முட்டி ஏறிருறாக இல்லையா?” என்றார் சார்.

“ஏறுவாக.”

“தள்ளுறதைக் கொஞ்சம் குறைச்சா?”

“இன்னும் கொஞ்சம் பேரு ஏறுவாக.”

“அம்புட்டுத்தான்க்கா. ஊசிதான் பஸ்ஸு. மைனஸ் வோல்ட்டுதான் கண்டக்டர். எவ்வளவு தள்ளுனா எத்தனை பேரு ஏறுறாகன்னு தெரிஞ்சா, கூட்டத்துக்கு எம்புட்டு வேகமின்னு தெரிஞ்சுரும்.”

அதற்குப் பிறகு நான் விளக்கம் கேட்கவில்லை. புரிந்துவிட்டது.

சார் ஒரு கையால் வோல்ட் திருப்ப வேண்டும். ஒரு கையால் எழுத வேண்டும். முள்ளைப் பார்க்க ஆள் இல்லை. பையன்களை நிறுத்திப் பார்த்தார். அவர்கள் பேசினார்கள். சினிமா பேசினார்கள். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

“அக்கா, நம்பர் வாசிப்பீகளா?”

“வாசிப்பேன்.”

“அதைத் தவிர வேற ஒண்ணும் பேசக்கூடாது.”

“பேச மாட்டேன்.”

அப்படி ஆரம்பித்ததுதான். மீட்டரில் முள்ளுக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பட்டை ஒட்டியிருக்கும். முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி. அதில் முள்ளின் நிழல் தெரியும். நிழல் முள்ளுக்குப் பின்னால் மறைகிற இடத்தில் கண்ணை வைக்க வேண்டும். அப்போது வாசித்தால்தான் சரி. எனக்கு அது சீக்கிரம் வந்தது. அரிசியில் கல் பார்த்த கண்.

கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் முள் நின்றால் நான் காலே, அரையே, முக்காலே என்று சொல்வேன். “பன்னெண்டே கால்.” “பதிமூணரை.” சார் அதைப் புள்ளி வைத்து எழுதிக்கொள்வார்.

இன்னொரு வேலையும் எனக்குத்தான். குழாயின் பின்பக்கம் ஒரு கழுத்து உண்டு. அங்கேதான் ஊசியின் கம்பி வெளியே வருகிறது. பக்கத்திலேயே இன்னொரு கம்பியும் வருகிறது. இரண்டுக்கும் நடுவில் விரல் அகலம்தான் கண்ணாடி.

“இங்கன ஈரம் கூடாதுக்கா. கை வேர்வை பட்டாலே போதும், இந்தக் கம்பியில இருந்து அந்தக் கம்பிக்குக் கரண்ட் கசிஞ்சுரும். ஊசிக்கு வராத கரண்டை மீட்டர் காட்டும். கணக்குப் பொய்யாப் போயிரும்.”

தினமும் காலையில் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து அந்தக் கழுத்தைத் துடைப்பேன். அதற்குப் பிறகுதான் பம்பு போடுவோம்.

கல்லூரிக்கு எதிரே டீக்கடை. கடைக்காரருக்கு எல்லாம் தெரிய வேண்டும்.

“ஏத்தா, ஒங்க சார் கொழாய்க்குள்ள பல ஆயிரம் டிகிரி சூடாமே?”

“ஆமாம்.”

“நீ அதைக் கையில தொடுவியாமே?”

“தொடுவேன்.”

“கேட்டீகளாய்யா! பல ஆயிரம் டிகிரியாம், தொடுவாகளாம். நான் பாய்லரைத் தூக்கியாந்து அங்கன வச்சுக்கிறட்டா? கரி மிச்சமாகும்.”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சாரும் அன்று அங்கேதான் நின்றார். அவரும் சிரித்தார்.

“அண்ணே, அருவாளுக்குச் சாணை பிடிக்கையில பொறி பறக்குதே, அது கையில விழுந்தா சுடுதா?”

“அது எங்க சுடும்? பூ மாதிரி விழும்.”

“பொறி செக்கச்செவேல்னு இருக்கு. சூடு இல்லைன்னு சொல்லுவீகளா? சூடு இருக்கு, எடை இல்லை. இதுவும் அப்படித்தான். டீ போட ஆகாது.”

“டீ போட ஆகாத சூட்டை அளந்து என்னய்யா பண்ணப் போறீக?”

சார் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

சாருக்கு வேறு கவலை இருந்தது. எடுத்த ரீடிங்கை எல்லாம் ஒரு தாளில் புள்ளி வைப்பார். அந்தத் தாளில் ஒரு பக்கத்துக் கோடுகள் மேலே போகப் போக நெருங்கிக்கொண்டே போகும். அளந்தது உண்மையாக இருந்தால் புள்ளிகள் நேர்கோட்டில் நிற்க வேண்டும். அந்தக் கோட்டின் சாய்விலிருந்துதான் சூட்டைக் கணக்குப் போடுவார்கள். சாருடைய கோடுகள் நேராகவே இருந்தன. அதுவே வினையாகப் போனது. மதுரைக்கு எடுத்துப்போய்க் காட்டியபோது புரபசர் நம்பவில்லை.

“ஒங்க ஊர்க் கரண்டுல இம்புட்டு நேரா வருமா? வீட்டுல ஒக்காந்து ஸ்கேல் வச்சுப் போட்டீரா?”

சார் திரும்பி வந்து இதைச் சொன்னார். ஆராய்ச்சிக்குப் பதிவு செய்த காலம் அந்த வருஷத்தோடு முடிகிறது. கையெழுத்து இல்லாவிட்டால் செய்ததெல்லாம் போயிற்று. அதைவிடப் பெரியது, பொய் எழுதினவன் என்ற பெயர். அந்தத் தாளில் இருந்த நம்பர் ஒவ்வொன்றும் நான் வாசித்தது. ஆகையால் எனக்கும் சேர்த்துத்தான் அந்தப் பெயர்.

பூஜை லீவில் குமுளி போகையில் இறங்கிப் பார்ப்பதாகப் புரபசர் சொல்லியிருந்தார். அவர் கண் முன்னால் ஒரு தடவை எடுக்க வேண்டும். நேராக வந்தால் கையெழுத்து. வராவிட்டால் இல்லை. விஜயதசமி அன்று வருவதாகப் பேச்சு.

முதல் நாள் ஆயுத பூஜை. சார் தேவாரம் போய்விட்டார். வீட்டில் பம்புசெட்டுக்குப் படைக்க வேண்டும். லேபில் பெரிய சார்தான் பூஜை வைத்தார். நான் தரை கழுவினேன். பொரிகடலை, பழம், வாழைக்கன்று எல்லாம் கொண்டுவந்து வைத்தேன். பூஜை தொடங்கியபோது வராண்டாவில் போய் நின்றுகொண்டேன். தாலியறுத்தவள் அந்த நேரத்தில் உள்ளே நிற்பதில்லை. யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

ஜன்னல் வழியாகத் தெரிந்தது. தராசுக்குப் பொட்டு. பம்புக்குப் பொட்டு. மீட்டர்களுக்கு வரிசையாகப் பொட்டு. கடைசியில் சாருடைய குழாய்க்கு வந்தார். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற கிளார்க்கிடம் கேட்டார்.

“இதுல எதுய்யா ஆயுதம்?”

“கொழாய்தான் சார்.”

“கொழாய் பாத்திரமய்யா. அளக்குறது ஊசி. ஊசிதான் ஆயுதம். நாளைக்கு இவனுக்குக் கைகொடுக்கப் போறது அதுதான்.”

“ஊசி உள்ளாற இருக்கே சார்.”

“அது வெளிய தலைகாட்டுற எடம் எது?”

கிளார்க் கழுத்தைக் காட்டினார். பெரிய சார் பன்னீரில் குழைத்த சந்தனத்தை எடுத்து இரண்டு கம்பிக்கும் நடுவில் நிறையவே வைத்தார். மேலே குங்குமம். கண்ணை மூடிக் கும்பிட்டார். சாருக்காகத்தான் கும்பிட்டார். உதடு அசைந்தது.

மறுநாள் காலையில் ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்துக்கொண்டு போனேன். இரவு பெய்த மழையில் அறையெல்லாம் ஈரவாடை. பெரிய சார் எனக்கு முன்னே வந்திருந்தார்.

“என்னம்மா பண்ணப் போற?”

“கழுத்துத் தொடைக்கணும் சார்.”

“இன்னைக்கா? விஜயதசமியும் அதுவுமா பூஜைப் பொட்டை அழிப்பாகளா? அது தானா உதிரணும்மா. போ, வேற வேலையைப் பாரு.”

அவர் சொல்லுக்கு மேல் அங்கே சொல் இல்லை. பஞ்சை வைத்துவிட்டேன். சார் வந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். சார் தனியாக வரவில்லை. ரோட்டில் காத்திருந்து, புரபசரின் காரோடு கூடவே வந்தார். வந்ததும் வேலை தொடங்கிவிட்டது.

புரபசர் நாற்காலியைக் குழாய்க்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார்.

“இது யாரு?”

“அக்காதான் சார் ரீடிங் எடுக்கிறது,” என்றார் சார்.

பம்பு ஓடியது. கத்தரிப்பூ வெளிச்சம் வந்தது. சார் வோல்ட் திருப்பினார். நான் வாசித்தேன்.

“நாலே கால்.”

“என்னது?” என்றார் புரபசர்.

“நாலே கால் சார்,” என்றேன்.

“என்னய்யா இது, புளி நிறுக்குறாகளா இங்கன? நாலு பாயிண்ட் எத்தனைன்னு சொல்லச் சொல்லும்.”

“இந்த மீட்டர்ல கால் கோட்டுக்குக் கீழ வாசிச்சா அது நம்ம கற்பனை சார்,” என்றார் சார். “அக்கா இருக்கிறதைத்தான் சொல்றாக.”

புரபசர் எழுந்து வந்து மீட்டரைக் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

நான் வாசித்தபடி இருந்தேன். சார் எழுதியபடி இருந்தார். புரபசரே தாளில் புள்ளி வைத்தார். மேலே இருந்த புள்ளிகள் ஒழுங்காக நின்றன. கீழே வர வர விலகின. கோடு வாழை மட்டை மாதிரி வளைந்தது.

“நேர்கோடு எங்கய்யா?” என்றார் புரபசர்.

சார் இன்னொரு தடவை எடுத்தார். அதே வளைவு. பாட்டரியை மாற்றினார். வளைவு. வாயுவைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தார். வளைவு. வெளியே கார் ஹாரன் அடித்தது. புரபசர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்தினார்.

“நான் மதுரையிலேயே சொன்னேன். நீர்தான் கேக்கல.”

சார் பெரிய வோல்ட்டை நிறுத்தினார். குழாய் இருண்டது. ஊசிக்குப் போகிற பாட்டரியை மட்டும் எடுக்காமல் விட்டார்.

“அக்கா, முள்ளு எங்க நிக்கிது?”

குழாய்க்குள் வெளிச்சம் இல்லை. எலெக்ட்ரான் இல்லை. ஏறுவதற்கு ஆளே இல்லாத பஸ். முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும்.

“பூஜ்யத்துக்கு வரல சார். ரெண்டரையில நிக்கிது.”

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“கழுத்து?”

“இன்னைக்குத் தொடைக்கல.”

சார் டார்ச் எடுத்துக்கொண்டு குழாய்க்குப் பின்னால் போனார். குனிந்தார். நிமிர்ந்தார். பெரிய சாரைப் பார்த்தார். புரபசரும் போய்க் குனிந்து பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சந்தனம்! ஏன்யா, இன்சுலேஷனுக்குச் சந்தனமா வைப்பாக?”

“நான்தான் வச்சேன்,” என்றார் பெரிய சார். “இவனுக்குக் கோடு நேரா வரணுமின்னு வேண்டித்தான் வச்சேன்.”

சார் பஞ்சை எடுத்தார். கை போகவில்லை. அந்த அறையைக் கொடுத்தவர் பெரிய சார். பம்பு வாங்கத் தன் பேரில் கடிதம் எழுதியவர் அவர். அவர் வேண்டிக்கொண்டு வைத்த பொட்டை, அந்த நாளில், அவர் பார்த்துக்கொண்டிருக்க அழிக்கச் சாருக்கு மனசு வரவில்லை. புரபசருக்கும் தைரியம் இல்லை. சிரித்தவர்தான், ஆனால் கையை நீட்டவில்லை. சம்சாரத்தையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு மலை ஏறப் போகிறவர்.

“நாளைக்கு அழிச்சுக்கிடலாமே,” என்றார் பெரிய சார். குரல் இறங்கியிருந்தது. “நாளைக்கு வந்து பாக்கலாமில்ல சார்?”

“நாளைக்கு நான் வரமாட்டேன்,” என்றார் புரபசர். “திரும்பையில லோயர் கேம்ப்ல ஒறவுக்காரங்க வீடு. அப்படியே மதுரை.”

நான் சாரின் கையிலிருந்து பஞ்சை வாங்கினேன்.

“நீயாம்மா?” என்றார் பெரிய சார். “வேணாம்மா. எதுக்கு நீ? நல்ல நாளும் அதுவுமா.”

“நல்ல நாளு ஒங்களுக்கு சார். பொட்டு அழிஞ்சா எனக்கு இனிமே போறதுக்கு என்ன இருக்கு? நான் தினம் தொடைக்கிற எடம் அது. தள்ளுங்க.”

தள்ளினார்.

ஸ்பிரிட் விட்டேன். சந்தனம் மேலே காய்ந்து, உள்ளே மழை ஈரத்தில் கொழகொழவென்று இருந்தது. கம்பியோரத்தில் குங்குமம் இறங்கியிருந்தது. பஞ்சு சிவந்தது. இன்னொரு பஞ்சு எடுத்தேன். அதுவும் சிவந்தது. கம்பி ஆடிவிடாமல் துடைக்க வேண்டும். ஆடினால் கண்ணாடி விரிசல் விடும், அப்புறம் கோடும் இல்லை குழாயும் இல்லை. என் பொட்டை அழித்த அன்று நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். இதை நான் ஒருத்தியே அழித்தேன். பஞ்சு வெள்ளையாக வரும்வரை துடைத்தேன்.

“காய வைக்கணும்,” என்றார் சார். “லாம்ப் வேணும்.”

மேஜை விளக்கைப் பெரிய சார் எடுத்துவந்தார். யாரும் கேட்கவில்லை. அவரே கழுத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். பல்பு சூட்டில் வேர்த்து அவர் விபூதி கரைந்தது. கை மாற்றிக்கொள்ளச் சொன்னோம். மாற்றவில்லை.

“முள்ளு?” என்றார் சார்.

“இறங்குது. ஒண்ணு. முக்கா. கால்.”

கொஞ்சம் பொறுத்தேன்.

“பூஜ்யம்.”

ஹாரன் மறுபடியும் அடித்தது. “இருக்கச் சொல்லுய்யா,” என்றார் புரபசர். பேனாவைத் திறந்தார். “போடும். பாப்போம்.”

வெளிச்சம் வந்தது. முதலில் சார் ஊசிக்கு பிளஸ் வோல்ட்டைக் கூட்டி நுனியைச் சிவக்க வைத்தார். ஒட்டியிருக்கிற அழுக்கு எரிய வேண்டும். நுனி குங்குமம் மாதிரிச் சிவந்தது. பிறகு மைனஸுக்குப் போனார். நான் கண்ணை நிழல் மறைகிற இடத்தில் வைத்தேன்.

ஒவ்வொன்றாக வாசித்தேன். பாதியில் புரபசர், “கொஞ்சம் நகரும்மா,” என்று என் இடத்தில் நின்று தானே ஒரு ரீடிங் பார்த்தார். “ஆறேமுக்கால்,” என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. சாரும் பெரிய சாரும் சிரித்தார்கள். புரபசரும் சிரித்துவிட்டு நகர்ந்துகொண்டார். மீதியை நானே வாசித்தேன்.

புரபசர் புள்ளி வைத்தார். ஸ்கேலை எடுத்துப் புள்ளிகளின் மேல் போட்டார். ஸ்கேலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒன்றும் துருத்தவில்லை. கோடு கிழித்தார். தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். திரும்ப மேஜையில் வைத்து மூலையில் கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார்.

“எழுதிக் குடும்,” என்றார் சாரிடம். “சீக்கிரம் குடும். மதுரையில நான் சொன்னதை மனசுல வச்சுக்காதேயும்.”

சார் தலையை ஆட்டினார். பெரிய சார் விளக்கை அப்போதுதான் கீழே வைத்தார். கை சிவந்திருந்தது.

“கோட்டைக் காட்டுனீக. சூடு எத்தனைன்னு யாரும் சொல்லலையே,” என்றார்.

புரபசர் பையிலிருந்து கணக்குப் போடுகிற ஸ்லைடு ரூலை எடுத்தார். நகர்த்தினார். சாரும் தன் பங்குக்குப் பேப்பரில் போட்டார். இரண்டு பேருக்கும் ஒரே விடை வந்தது. சார் சாக்பீஸை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“நீங்க எழுதுங்கக்கா. ஒங்க முள்ளு.”

போர்டு மேலே இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறினேன். அன்றைக்கு இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் எலெக்ட்ரானின் சூடு தெரிந்தவர்கள் நாங்கள் நாலு பேர்தான். அதில் நான் ஒருத்தி. சார் வாசிக்க, நான் எழுதினேன்.

இருபத்து மூவாயிரத்து இருநூறு.